பென்சிலில் எழுதிய தோணி

என் மகள் நாளிதழில் வரும் சுடோகுவைப் பேனாவால் போடுகிறாள். ஒரு கையில் காபி டம்ளர், மறுகையில் பேனா. தப்பு வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறாள். நான் அந்த மேசையிலிருந்து எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன்.

"அப்பாக்குப் பேனாவக் கண்டா பயம்மா," என்று அவள் குசினியில் சமைக்கும் அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிச் சிரிப்பாள்.

குசினியிலிருந்து சிரிப்பு வராது. என் மனைவிக்குக் காரணம் தெரியும். அது என் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு நாட்குறிப்பில் இருக்கிறது. நேற்று அதை எடுத்து மறுபடி படித்தேன். படித்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தர். புதுத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் காகிதங்களும் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்மரத் தோணிகளின் காகிதங்களும் என் மேசைக்கு வரும். சரக்குக் கப்பல் ஒன்றின் இரண்டாம் அதிகாரி கையெழுத்துப் போட வந்தவர், படித்து முடித்த ஒரு புதிர்ப் பத்திரிகையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அமெரிக்காவில் அச்சானது. அதில் ஒரு பக்கத்தில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். சில கட்டங்களில் மட்டும் எண்கள். மீதியை நாம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும், மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிரலிலும், தடித்த கோடு போட்ட ஒவ்வொரு சிறு சதுரத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒருமுறைதான் வர வேண்டும். சுடோகு என்ற பெயர் அன்று அதற்கு இல்லை. விடைகள் இருந்த கடைசித் தாள்களை யாரோ முன்பே கிழித்திருந்தார்கள். அதனால் நான் போட்டது சரியா என்று பார்க்க எனக்கு வேறு வழி கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் காரணத்தோடு போட்டால்தான் உண்டு.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதை ஒரு நோட்டில் வரைந்துகொண்டு உட்காருவேன். எங்கள் ஹெட்கிளார்க், நாசரேத்துப் பக்கத்து மனிதர், ஓய்வுபெற நாலைந்து வருஷம் இருந்தவர், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்.

"என்னடே இது, ஒண்ணாங் கிளாஸ் பிள்ள மாதிரி கட்டம் போட்டுக்கிட்டிருக்க?"

"கணக்கு இல்ல அண்ணாச்சி. கூட்டல் கழித்தல் ஒண்ணும் கெடையாது. எது எங்க இருக்க முடியாதுன்னு பாத்துக்கிட்டே போகணும்."

"இருக்க முடியாததப் பாக்கதுக்கா சம்பளம்? எங்க வீட்டுக்கு வா, நெறைய காட்டுதேன்."

என் முறை இதுதான். முதலில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வது, ஏழு என்று வைத்துக்கொள்வோம். அச்சில் இருக்கும் ஏழுகளின் வரிசையையும் நிரலையும் விரலால் அடைத்துக்கொண்டே வந்தால், சில சதுரங்களில் ஏழு உட்கார ஒரே ஒரு கட்டம்தான் மிஞ்சும். அங்கே எழுதலாம். அப்படி மிஞ்சாவிட்டால் ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலும் வரக்கூடிய எண்களை மூலையில் பொடியாக எழுதிவைப்பேன். ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் மூன்றும் எட்டும் மட்டுமே பொடியாக நின்றால், எது எதில் என்று தெரியாவிட்டாலும், அந்த வரிசையின் மற்றக் கட்டங்களில் மூன்றையும் எட்டையும் அழித்துவிடலாம். இரண்டு நாற்காலிக்கு இரண்டு பேர் உறுதியாகிவிட்டார்கள், மூன்றாமவர் வேறிடம் பார்க்க வேண்டியதுதான். இதை நானாகக் கண்டுபிடித்த அன்று நாட்குறிப்பில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தேன். எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டின் வலப்பக்கத்தில் வரிசை எண் போட்டு, எந்தக் கட்டம், என்ன எண், என்ன காரணம் என்று குறித்துக்கொள்வேன். உறுதியானதை மையால் எழுதுவேன், உறுதியாகாததைப் பென்சிலால்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு திங்கள் மதியம், என் மனைவியின் தம்பி தோணியில் கொழும்புக்குப் போனான். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிய தோணி. தோணியை நடத்தும் தண்டலோடு சேர்த்து எட்டுப் பேர். அவர்களின் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான். அவன் பெயர் ஆறாவது. அவனுக்கு இருபத்தொரு வயது. தாய் இறந்தபோது என் மனைவிக்குப் பதின்மூன்று, அவனுக்கு எட்டு. அவள் வளர்த்த பிள்ளை அவன். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. அவன் கரையில் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

திங்கள் மாலை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். செவ்வாய் முழுக்க வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று ஓடுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. புதன் காலை காற்று அடங்கிக் கூண்டு இறங்கியது.

தோணியில் கம்பியில்லாத் தந்தி எதுவும் கிடையாது. போகிற தோணியைப் பற்றி வருகிற தோணியிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய துறைமுகத்துக்குப் போனேன். கொழும்பிலிருந்து அன்று காலைதான் ஒரு தோணி வந்திருந்தது. அதன் ஆட்களில் ஒருவர், என்னைவிட மூத்தவர், தோணிகள் கட்டும் துறைப் பாலத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"கண்டியளா அண்ணாச்சி, எங்க தோணிய?"

"கண்டோமே. புதங்கெழம விடியுத நேரம். சிலாபத்துக்கு நேரா, கரைய ஒட்டித் தெக்க போயிட்டிருந்துச்சு."

"நல்லாக் கண்டியளா? வேற தோணியா இருக்கப்போவுது."

"என்ன மக்கா இப்படிக் கேக்க? அந்தப் பாயத் தெரியாதா? கீழ் மூலைல செவப்புக் கித்தான் ஒட்டுப் போட்டிருக்குமே, ரெண்டு முழம். இந்தக் கடல்ல வேற எவன் பாய்ல அது இருக்கு? கல்யாண வீட்டுக் கொடி மாதிரி ஆட்டிக்கிட்டுல்லா போறானுவ."

சிலாபம் இலங்கைக் கரையில், கொழும்புக்குச் சற்று வடக்கே; அப்படியானால் புயலைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஒட்டை நானே பார்த்திருக்கிறேன். என் மச்சினன் எங்கள் வீட்டு முற்றத்தில் பாயை விரித்துப்போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தது அது. கடலில் தூரத்தில் வரும் தோணியை எங்கள் ஆட்கள் பாயை வைத்துத்தான் சொல்வார்கள். பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பாயின் வெட்டையும் ஒட்டையும் பார்த்து இன்னார் தோணி என்று சொல்லிவிடுவார்கள். யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "கண்டாகளாம். புதங்கெழம சிலாபத்துக்கிட்ட. காத்துல தப்பிட்டான்."

அவள் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு மாதா படத்தின் முன் போய் நின்றாள். எப்படிக் கண்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாட்குறிப்பில் அன்று மையால் எழுதியிருக்கிறேன்: "புதன் காலை, சிலாபம். உறுதி."

செவ்வாயன்று கொழும்பு முகவரிடமிருந்து தந்தி வந்தது. அப்படி ஒரு தோணி அங்கே வந்து சேரவில்லை. சிலாபத்திலிருந்து கொழும்பு நல்ல காற்றில் அரை நாள். புதன் காலை அங்கே இருந்த தோணி அடுத்த செவ்வாய் வரை வரவில்லை.

தோணியின் முதலாளி வயதானவர், நோயாளி. விசாரணை எங்கள் அலுவலகம் மூலமாகவே நடந்தது. அதாவது என் மூலமாக. நான் ஒரு தாளில் பதினொரு இடங்களை எழுதினேன். இடப்பக்கம் இலங்கைக் கரை: கல்பிட்டி, சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு, அதற்குத் தெற்கே இரண்டு. வலப்பக்கம் நம் கரை: மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, குளச்சல். எல்லாவற்றுக்கும் கீழே மாலத்தீவு. வாடைக்காற்றில் சுக்கான் போன தோணிகள் முன்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. பிறகு, கட்டப் புதிரில் செய்வதுபோல, முடியாததை அடித்தேன். புதன் காலை சிலாபத்தில் இருந்த தோணி, காற்றும் அடங்கிவிட்ட பிறகு, நம் கரைக்குத் திரும்பி வர வழியில்லை. வலப்பக்கம் முழுவதையும் மாலத்தீவையும் ஒரே கோட்டில் அடித்தேன். மையால்.

மிஞ்சியது இடப்பக்கம். ஒவ்வோர் இடத்துக்கும் கொழும்பு முகவர் ஆள் அனுப்பினார். புதன், வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொரு தந்தியிலும் இல்லை என்றே வந்தது. ஒவ்வொன்றாக அடித்தேன். அடுத்த திங்களன்று அடிக்க ஒன்றும் பாக்கி இல்லை. பதினொன்றும் அடிபட்ட தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பட்டியலில் எழுதாமல் விட்ட பன்னிரண்டாவது இடம் ஒன்று இருந்தது. சிலாபத்துக்கும் கொழும்புக்கும் நடுவே, தண்ணீருக்கு அடியில். அதை எழுத என் கை வரவில்லை.

முதல் சில நாட்கள் மனைவி வாசலிலேயே கேட்டாள்: "தந்தி வந்துச்சா?" பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சைக்கிளை நிறுத்தும்போது என் சட்டைப்பையை மட்டும் பார்ப்பாள். தந்தித் தாள் மடித்து வைத்திருந்தால் பை புடைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இல்லை என்று வந்த தந்திகளை நான் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒருநாள் மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தக் கூட்டை இன்றுவரை சட்டைப்பையில் வைத்ததில்லை.

"கண்டாகள்லா," என்பாள் சாப்பாடு போடும்போது, எனக்கென்று இல்லாமல். "காத்து அடங்கினப்புறந்தான கண்டாக."

"ஆமா," என்பேன்.

இரவில் தூக்கம் வரவில்லை. பகலில் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். தட்டச்சில் எட்டு என்ற எண் வந்தாலே விரல் நின்றது.

வெள்ளிக்கிழமை, தோணி போய்ப் பத்தொன்பதாம் நாள், சாப்பாட்டு இடைவேளையில் புதிர் நோட்டை எடுத்தேன். விளையாடும் ஆசையில் அல்ல. வேறு எதைப் பார்த்தாலும் அந்தப் பதினொரு கோடுகளே தெரிந்தன. பாதியில் விட்டிருந்த ஒரு கட்டத்தைத் தொடர்ந்தேன். எண்கள் தாமாக வந்து விழுந்தன. ஐந்து கட்டங்கள் மிச்சமிருக்கையில் ஏழாம் வரிசையில் நான்கு என்ற எண் இரண்டு முறை நின்றது.

இப்படி ஆகும்போது என் பழக்கம் ஒன்றுதான். கடைசியாக எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு அங்கே தெரிகிறது, ஆனால் அங்கே நடந்திருக்காது. வலப்பக்கத்துக் குறிப்பில் கடைசியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றிலும் காரணம் காரணம்தானா என்று கேட்க வேண்டும். முப்பத்தெட்டு சரி. முப்பத்தேழு சரி. முப்பது, இருபத்தைந்து, இருபது, எல்லாம் முறையாக இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்று ஒழுங்காகப் பிறந்திருந்தது. பன்னிரண்டில் நின்றேன். ஐந்தாம் வரிசை, இரண்டாம் கட்டம், ஒன்பது. காரணம் என்ற இடத்தில் என் கையெழுத்தில் "அநேகமாக" என்று இருந்தது. என்றோ ஒரு நாள் அவசரத்தில் எழுதி, மையும் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த இருபத்தாறு எண்களும் காரணத்தில் குற்றமற்றவை, ஆனால் ஒன்றையும் நம்ப முடியாது.

அந்த நோட்டை மூடாமலே நாட்குறிப்பை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். "புதன் காலை, சிலாபம். உறுதி." காரணம் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் காரணத்தை எழுதிப் பார்த்தேன்: "பாய்." அச்சில் வந்த எண்போல மாறாதது என்று நான் வைத்திருந்தது அச்சு அல்ல. அந்த மனிதர் கண்டது பாயை. இன்னார் தோணி என்பது அவர் மனதில் வந்து சேர்ந்தது. என் மனதிலும்.

எழுந்து சைக்கிளை எடுத்தேன். ஹெட்கிளார்க் கேட்டார்: "எங்கடே, மணி ரெண்டாகப்போவுது?"

"வீட்டுக்கு அண்ணாச்சி. ஒரு கேள்வி கேக்கணும்."

அவள் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முதலில் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"தந்தி இல்ல. ஏளா, ஒண்ணு கேக்கேன். ஒந்தம்பி போன அன்னைக்கு எந்தப் பாயக் கட்டிட்டுப் போனான்?"

"புதுப் பாயத்தான்."

"அந்தச் செவப்பு ஒட்டுப் போட்ட பாயி?"

"அத சனிக்கெழமயே குடுத்துட்டானுவளே. எங்க பெரியப்பா மவன் தோணிப் பாயி கிழிஞ்சு கெடக்குன்னு தண்டலு குடுக்கச் சொல்லிட்டாராம். ரெண்டு பேருமா சுருட்டித் தூக்கிட்டு இந்த வழியாத்தான் போனானுவ. நான் மோரு குடுத்தேன். மொதலாளிக்குச் சொல்லாதக்கான்னு சொல்லிட்டுப் போனான். ஏன் கேக்கிய?"

தண்டல்மார் தங்களுக்குள் பாயைக் கொடுத்து வாங்குவது வழக்கம்தான். முதலாளிமாருக்கு அது தெரிவதில்லை. அலுவலகத்துக்குத் தெரிய வழியே இல்லை. அந்தப் பெரியப்பா மகனின் தோணியும் அதே வாரம் கொழும்புக்குப் போய் நல்லபடியாகச் சேர்ந்திருந்தது. அதன் காகிதமும் என் மேசையில்தான் இருந்தது.

நான் சொல்லத் தொடங்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது.

"அப்ப அவுக கண்டது பெரியப்பா மவன் தோணியா?"

"ஆமா."

"எந்தம்பியக் காணவே இல்லயா? யாருமே?"

"யாரும் காணல."

இத்தனை நாளும் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கட்டத்தை நான் அழித்துவிட்டேன். அவள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சொன்னாள். சத்தம் போடவில்லை.

"கண்டாக கண்டாகன்னு சொன்னிய. செவப்பு ஒட்டப் பாத்துத்தான் கண்டாகன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, அன்னைக்கே சொல்லிருப்பம்லா."

இந்த இருபத்தேழு வருஷமும் அது என் காதில் இருக்கிறது. அவள் பயந்துவிடக் கூடாது என்று விவரங்களை என்னோடு வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அலுவலகம் திரும்பி அந்தப் பதினொரு இடத் தாளை எடுத்து, வலப்பக்கத்தை மறுபடி எழுதினேன். பென்சிலால். மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, குளச்சல் எல்லாம் நம் கரை. அங்கே ஒதுங்கியிருந்தால் இத்தனை நாளில் ஒரு கடுதாசியாவது வந்திருக்கும். அவற்றை அடிக்காமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன். மாலத்தீவு மிஞ்சியது.

ஹெட்கிளார்க் தாளை வாங்கிப் பார்த்தார். இந்த முறை கேலி செய்யவில்லை.

"மாலத்தீவா? எம்மாந் தூரம் தெரியுமாடே?"

"திங்கக்கெழம ராத்திரியே சுக்கான் போயிருந்தா வாடை அங்கதான் தள்ளும் அண்ணாச்சி."

"போயிருந்தான்னு சொல்லுத. போச்சுன்னு சொல்லல."

"சொல்லமாட்டேன்."

அவர் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "காயல்பட்டினத்துல ஒருத்தருக்கு மாலத்தீவுல, மாலே டவுன்ல கட இருக்கு. நம்ம மூலமா ரெண்டு மூணு தடவ சரக்கு அனுப்பிருக்காரு. வா, பஸ்ஸப் பிடிப்பம்."

காயல்பட்டினத்துச் சந்தில் அந்த வியாபாரி எங்களை உட்காரவைத்து, நான் நீட்டிய பட்டியலை இரண்டு முறை படித்தார். எட்டுப் பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "இன்னைக்கே தந்தி அடிச்சிருதேன். ஆனா வடக்குத் தீவுலேருந்து மாலேக்குச் சேதி வரணும்னா அங்கனருந்து ஒரு படகு வரணும். நாளைக்கே பதில் வரலன்னு நெனச்சு மனசு ஒடிஞ்சிராதிய தம்பி," என்றார்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். இந்த நான்கு நாட்களுக்கும் என் நாட்குறிப்பில் ஒவ்வொரு வரிதான் இருக்கிறது: "பதில் இல்லை." அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒன்று மாறியிருந்தது. நான் மாலையில் வந்ததும் தாளை மேசையில் விரித்து, அன்று எதை யாரிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்று அவளிடம் வாசித்துக் காட்டினேன். குளச்சலிலிருந்து இல்லை என்று வந்த செய்தியைப் படித்தபோது, "யாரு பாத்துச் சொன்னது? கரைல போயிப் பாத்தாரா, ஆபீஸ்ல இருந்துக்கிட்டே சொன்னாரா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மறுபடி கேட்டனுப்பினேன்.

புதன் மதியம் தந்தி வந்தது. ஹெட்கிளார்க் பிரித்தார், படித்தார், என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வடக்கே ஒரு தீவில் சுக்கான் இல்லாத தூத்துக்குடித் தோணி ஒன்று கரைசேர்ந்திருக்கிறது, எட்டுப் பேர், எல்லாரும் நலம். அவ்வளவுதான். தோணியின் பெயர் இல்லை, ஆட்களின் பெயர் இல்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மற்றத் தோணி முதலாளிமார் நாலு பேரையும் விசாரித்துவிட்டு, வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அவள் வாசலில் நின்றாள். பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் எடுத்து வாசித்தேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

"எட்டுப் பேரா?"

"எட்டு. நம்ம பட்டியல்லயும் எட்டு. சுக்கான் போன வேற தூத்துக்குடித் தோணி எதுவும் இல்ல. நாலு முதலாளிமார்ட்டயும் கேட்டுட்டுத்தான் வாரேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாட்குறிப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"பேரு போடலல்லா," என்றாள். "பென்சில்லயே எழுதுங்க."

பென்சிலால் எழுதினேன்: "மாலத்தீவு. எட்டுப் பேர்."

ஜனவரி முடிவில் மாலத்தீவிலிருந்து திரும்பிய ஒரு தோணியில் என் மச்சினன் வந்து இறங்கினான். கறுத்து, மெலிந்து, காலில் ஒரு புண்ணோடு. பாலத்தில் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது இது: "அத்தான், அந்தப் பாயத் திருப்பிக் குடுத்துட்டானா அவன்?" நான் அவனை அடிப்பதற்குக் கையை ஓங்கிவிட்டு, அந்தக் கையாலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் மூன்றாவது முறை குழம்பு கேட்கும் வரை அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் நாட்குறிப்பை எடுத்தாள். என் பேனாவை எடுத்து, அந்தப் பென்சில் எழுத்துகளின் மேலேயே நிதானமாக எழுதினாள். நான் தடுக்கவில்லை. நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அவள் கை சில இடங்களில் விலகியிருக்கிறது. எட்டு என்ற சொல்லில் மைக்குப் பக்கத்தில் பென்சில் கோடு இன்னும் தெரிகிறது.